விறுவிறுப்பு என்கிற வியாதி

துப்பறியும் படமென்றால் விறுவிறுப்பாக இருக்க வேண்டுமாம். கொலைகாரன் இன்னானென்று கடைசிக் காட்சியில் சொல்லிவிட வேண்டுமாம். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான்கள் யாரோ, நம் ரசனையைக் கெடுத்தவர்கள் அவர்கள்தான்.

தென் கொரியாவின் பாங் ஜூன் ஹோ 2003-இல் எடுத்த ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ படத்தைச் சிபாரிசு செய்தால், “இழுக்கிறதே, ஸார்!” என்கிறார்கள். இழுக்காமல் என்ன செய்யும்? 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் வட்டாரத்தில் பத்துப் பேர் கொலையுண்டார்கள், எல்லோரும் பெண்கள். மரபணுச் சோதனை குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது 2019-இல்! படத்தில் வருகிற போலீஸார் நம் ரசிகர்களைப் போலவே அவசரக்காரர்கள். அகப்பட்டவனை அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்குகிறார்கள். கதைதானே என்று எண்ண வேண்டாம். அந்தக் கொலைகளில் எட்டாவதைச் செய்ததாக நிஜமாகவே ஒரு நிரபராதியைப் பிடித்துச் சுமார் இருபது வருஷம் சிறையில் போட்டார்கள். அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது 2020-இல். விறுவிறுப்பாகக் கண்டுபிடித்ததன் லட்சணம் இது.

இந்தப் படம் பிடித்தவர்கள் குரோஸாவாவின் ‘ஸ்ட்ரே டாக்’ (1949) பார்க்கலாம். துப்பாக்கியைப் பறிகொடுத்த இளம் துப்பறிவாளன் டோக்கியோ வெயிலில் அலைகிறான், அலைகிறான், அலைந்துகொண்டே இருக்கிறான், நமக்கும் வேர்த்துவிடுகிறது. அவருடைய ‘ஹை அண்ட் லோ’ (1963) இன்னும் ஒரு படி மேல். டேவிட் ஃபின்ச்சரின் ‘ஸோடியாக்’கில் (2007) பத்திரிகைக் கார்ட்டூன்காரர் ஒருவர் கேஸ் கட்டுகளைப் புரட்டிப் புரட்டியே குடும்பத்தைக் கோட்டைவிடுகிறார். யார் கையிலும் விலங்கு ஏறுவதில்லை. இரண்டரை மணிக்கு மேல் ஓடும். நடுவில் எழுந்துபோய்க் காப்பி குடித்துவிட்டு வாருங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை.