மீண்டும் நாட்டப்பட்ட பலகை

கேலிச்சித்திரத் தொலைக்காட்சித் தொடர்கள் சிறுவரை மகிழ்விக்கும் வெறும் பொழுதுபோக்கே என்போர், அதிகாரம் அவற்றுக்கு அஞ்சுவதேன் என்பதை விளக்குதல் வேண்டும்.

மாணவர் கிளர்ச்சி படைகொண்டு நசுக்கப்பட்ட பீஜிங் தியனன்மென் சதுக்கத்தில், 1989இல் எதுவுமே நிகழவில்லை எனக் கூறும் பலகையொன்று, 2005இல் ஒளிபரப்பான ‘சிம்சன்ஸ்’ அங்கமொன்றில் தோன்றும். வரலாற்றை மறைப்போர் மீதான கூரிய எள்ளல் அது.

2021 நவம்பரில் டிஸ்னி நிறுவனம் ஹொங்கொங்கில் தனது இணையவழி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அத்தொடரின் பதினாறாம் பருவத்தில் பதினோராம் அங்கமும் பதின்மூன்றாம் அங்கமும் இருந்தன. இடைப்பட்ட அவ்வங்கம் இருக்கவில்லை. ஆட்சியின் கட்டளையோ, வணிகத்தின் அச்சமோ, விளைவு ஒன்றே. மறதியைத் திணிப்போரை எள்ளிய படைப்பையே மறைத்தோர், அப்பலகையைத் தம் கையாலேயே மீண்டும் நாட்டினர்.