ஐம்பது ரூபாயை வீண் என்பவர்களுக்கு

கொரோனாவால் மூடிய பள்ளிகள் திறந்த ஆறே மாதத்தில் பிள்ளைகள் இழந்த படிப்பில் பெரும்பகுதியை மீட்டுவிட்டார்கள், ஆகவே தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்துக்குத் தமிழக அரசு செலவழித்தது வீண் என்று சிலர் வாதிடுகிறார்கள். இவ்வளவு பொறுப்பற்ற வாதத்தை நான் அண்மையில் கேட்டதில்லை.

அவர்கள் காட்டும் சான்றே அவர்களுக்கு எதிராக நிற்கிறது. பொருளியலாளர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆய்வு செய்தார்கள். 2021 டிசம்பரில் மொழிப்பாடத்தில் சரிவு, கணக்கில் அதைவிடப் பெரிய சரிவு. ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. இதுவரை படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுகிறார்கள். அந்த மீட்சியில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறதே, அது ஏன் கண்ணில் படவில்லை? மருந்தால் காய்ச்சல் இறங்கியதைக் காட்டி மருந்துச் செலவு தண்டம் என்பது எந்த ஊர் நியாயம்?

செலவுக் கணக்கையும் பார்ப்போம். தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. ஒருவருக்கு இருபது பிள்ளைகள் என்று வைத்தால், தலைக்கு ஐம்பது ரூபாய். பாடப்பொருள், பயிற்சி என்று மேலும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். இதனாலா கஜானா காலியாகிவிட்டது?

கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இருந்தனவே என்பது அடுத்த வாதம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. வீட்டில் இருக்கும் ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை எதைப் பார்த்து எழுத்துக் கூட்டும்? தொலைக்காட்சி பாடம் நடத்தும். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று அதற்குத் தெரியாது. அதே தெருப் பெண் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் தெரியும். பணமுள்ள வீடுகள் டியூஷன் வைத்துச் சமாளித்தன. இல்லாத வீட்டுக்கு அரசு அனுப்பிய டியூஷன் இது. தன் பிள்ளைக்கு டியூஷன் வைத்த எவரும் அதை வீண்செலவு என்று எழுதியதில்லை.

இன்னொன்று, மூன்றில் இரண்டு மீண்டது என்றால் ஒரு பங்கு அப்போதும் மீளவில்லை. அந்த மிச்சத்தைப் பற்றி இந்த வாதத்தில் ஒரு வரிகூட இல்லை.

குறை சொல்லியே ஆக வேண்டுமா? மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் பாடம் சொன்ன அந்தப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போதுமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நானும் உங்களோடு வந்து நிற்பேன்.