பழைய தாரா, புதிய தாரா? பின்சீட்டைப் பாருங்கள்!

செகண்ட்ஹேண்டில் மஹிந்திரா தார் தேடுகிறீர்களா? வீட்டில் குழந்தைகள் இருந்தால், இன்ஜினுக்கு முன்பு பின்சீட்டைப் பாருங்கள். 2010-ல் அறிமுகமான பழைய தாரில் பின்னால் எதிரெதிராக உட்காரும் பெஞ்சுதான், ஏர்பேக் கிடையாது. விலை குறைவு, ஆசை வரத்தான் செய்யும். தனியாகக் காடுமேடு சுற்றுபவருக்கு அது போதும். அடிப்பக்கத் துருவை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதிய தாரில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக். குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள், குழந்தைகள் என இரு பிரிவிலும் 4 ஸ்டார். ஆனாலும், ஆரம்ப வேரியன்ட்கள் சிலவற்றில் அதே பக்கவாட்டு பெஞ்சு உண்டு. முன்னோக்கிய சீட்தானா என நேரில் பாருங்கள்.

இன்னொன்று, 2023-ல் வந்த ரியர் வீல் டிரைவ் தாரும் பார்க்க ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். சேற்றில் இறங்கும் ஆசை இருந்தால், ஃபோர் வீல் டிரைவ் லீவரைத் தேடிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.