பாகூர்ச் செப்பேடும் பள்ளிக்கூடத்துப் பையனும்



பாகூர் என்றதும் பரந்த ஏரி நினைவுக்கு வரும். பச்சை வயல் நினைவுக்கு வரும். பழமை ஆய்வோருக்கோ ஒரு செப்பேடு நினைவுக்கு வரும். ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு அது. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விக்கூடத்துக்கு, மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியை அது சொல்கிறது. திருபுவனையிலும் அப்படி ஒரு கல்லூரி இருந்தது. 260 மாணவர், 12 ஆசிரியர் என்று கணக்கே சொல்கிறது 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு.

"பார்த்தீர்களா பழம்பெருமையை!" என்று பூரிப்போர் உண்டு. பூரிக்கட்டும். நாம் கேட்பது ஒன்றே ஒன்று: அங்கே படித்தவர் யார்? வேதம் ஓதும் உரிமை பெற்ற ஒரு குலத்தார்! அந்த மூன்று ஊர் வயலில் முழங்கால் சேற்றில் நின்றானே, நாற்றுப் பறித்தானே, கதிர் அறுத்தானே, அவன் மகன்? நெல் உள்ளே போயிற்று. நெல்லை விளைத்தவன் வெளியே நின்றான்.

இன்று அதே பாகூரில், வில்லியனூரில், அரசுப் பள்ளியின் மணி அடிக்கிறது. களை பறிப்பவள் மகள் மிதிவண்டியில் வருகிறாள். கொத்தனார் மகன் நண்பனின் தோளில் கைபோட்டு நடந்து வருகிறான். இந்தக் கதவு தானாகத் திறந்ததா? சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டது நீதிக்கட்சி, 1920இல். புதுவையிலே 1930இல், பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, பள்ளியில் மதிய உணவு வந்தது. 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராக நின்றவர் கனகசுப்புரத்தினம். ஆம், நம் பாவேந்தர் பாரதிதாசனேதான்! அத்தனை பேர் தள்ளித் திறந்த கதவு இது.

முன்பெல்லாம் படிப்பு ஏறாவிட்டால் பிழைக்க வேறு வழி இருந்தது. ஆலைச் சங்கு ஊதும். கிராமத்து இளைஞன் தறிக்குப் போவான். எட்டு மணி நேர வேலைக்காக 1936இல் பன்னிரண்டு தொழிலாளர் குண்டடிபட்டு மாண்ட மண் அல்லவா! ரோடியர் மில் என்று ஊரார் அழைத்த அந்த ஆலை 2020இல் மூடப்பட்டது. சங்கு ஓய்ந்தது. ஆகவே தோழர்களே, தகப்பனுக்கு இரண்டு வாசல் இருந்தன. மகனுக்குப் பள்ளி வாசல் ஒன்றுதான்.

அந்த ஒற்றை வாசலில் என்ன செய்தார்கள்?

புதுவைக்குத் தனிக் கல்வி வாரியம் இல்லை. புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்தைப் படித்தன. மாகே கேரளத்தை, ஏனாம் ஆந்திரத்தைப் பின்பற்றின. 2023–24 கல்வியாண்டில் வந்தது ஆணை: அரசுப் பள்ளிகள் மத்திய வாரியத்துக்கு, சி.பி.எஸ்.இ. பாடத்துக்கு மாறுக! ஆறு முதல் ஒன்பது வரை மட்டுமா? பதினோராம் வகுப்பும்! பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழ்நாட்டுப் பாடத்தில் எழுதிவிட்டு வந்த பிள்ளை, பதினொன்றில் காலடி வைத்ததும் வேறு நூல், வேறு நடை, வேறு வினாத்தாள்! ஆற்றின் நடுவே ஓடத்தை மாற்று என்பதற்கு ஒப்பான கட்டளை. நகரத்துப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி நிலையம் உண்டு. பாகூர்ப் பிள்ளைக்கு? பள்ளி ஆசிரியரே பயிற்சி நிலையம். அந்த ஆசிரியருக்கே பாடம் புதிது!

"நீட் தேர்வுக்கு உதவுமே" என்றனர். உதவட்டும், பாடத்தை உயர்த்துவதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் உயர்ந்த மாடிக்கு ஏணி எங்கே என்று கேட்கிறோம். மாற்றத்துக்கு முன் ஆசிரியப் பயிற்சி, காலியிடம் நிரப்பல், பாடத்தைத் தாய்மொழியில் விளக்கும் துணைநூல் என இவை வந்திருக்க வேண்டும். தமிழில் சிந்திக்கும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பௌதிகம் சொல்லி, அவன் விழித்தால் "மந்தம்" என்று முத்திரை குத்துவது, பழைய வித்தியாஸ்தானத்து வாயிற்காப்போன் வேலை!

நீட் என்றேனே, அதன் கதையையும் கேளுங்கள். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு என்று தமிழ்நாடு 2020இல் சட்டம் செய்தது. அதே ஆண்டு புதுவை அமைச்சரவை 10 விழுக்காடு என்று முடிவெடுத்தது. நடந்ததா? துணைநிலை ஆளுநர் டெல்லிக்கு அனுப்பினார், கோப்பு உறங்கியது. ஒப்புதல் கிடைத்தது 2023இல்! அதைப் பெற்றுத் தந்தவர் மாற்றார் எனினும் நல்லதை நல்லதென்போம். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? வில்லியனூரை அடுத்த கீழூரில், 1954 அக்டோபர் 18இல், 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்று வாக்களித்தார்கள். இணைந்த மண்ணுக்குத் தன் பிள்ளைக்கு இடம் ஒதுக்கவும் டெல்லியின் கையெழுத்து வேண்டுமாம்! மாநிலத் தகுதி கேட்பது நாற்காலி ஆசையால் என்று நகைப்போர் இந்தக் கோப்பின் தேதிகளைப் படிக்கட்டும்.

இன்னொன்று. தேர்வு நெருங்கினால் முதலில் பலியாவது விளையாட்டு வேளை. அடுத்தது ஆண்டுவிழா நாடகம். உடற்பயிற்சி ஆசிரியரின் வகுப்பைக் கணக்கு எடுத்துக்கொள்ளும். அறுவடை முடிந்த வயலில் கபடி ஆடிக் கால் உரம்பெற்ற பிள்ளைக்கு உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் எட்டாத் தொலைவாகிவிடுகிறது. நாடகம் எழுதுபவன் என்பதால் நாடகத்துக்குப் பரிந்து பேசுகிறேன் என்று எண்ணவேண்டாம். கூட்டத்தின் முன் நிமிர்ந்து நிற்கவும், குரல் நடுங்காமல் தமிழில் பேசவும் ஏழைப் பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் மேடை அது. நம் கழகத்தின் பேச்சாளர் பலர் அங்கேதான் முளைத்தார்கள்.

கிளைக்கழகத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரையிலான கல்விக்கு அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். உங்கள் ஊரில் அது கூடுகிறதா? கையெழுத்து வாங்கப் பதிவேடு மட்டும் வீடு வீடாக வருகிறதா? களை வெட்டப் போன தாய்க்குக் கூட்ட நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள். மாலையில் கூட்டச் சொல்லுங்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, விளையாட்டு வேளை வாரத்தில் எத்தனை, நூல்கள் எந்த மாதம் கைக்கு வந்தன என்று கேட்டு, விடையைக் குழுவின் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். படித்த தோழர்கள் மாலைதோறும் ஒரு மணி நேரம் கிளைக்கழகப் படிப்பகத்தில் அமர்ந்து, அறிவியலும் கணக்கும் தமிழில் விளக்குங்கள். பாகூர், வில்லியனூர்க் கொம்யூன்களில் பள்ளிவாரியாக எடுத்த குறிப்புகளை இந்த ஏட்டுக்கு அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.