கடைசி அப்பொயின்ட்மென்ட் யாருக்கு?



'எச்.ஐ.வி இருக்கா?' எண்ட பல் வைத்தியரின்ர படிவத்துக்கு 'ஓம்' எண்டு எழுதினவருக்கு இன்னும் சில இடங்களில நாளின்ர கடைசி நேரம்தான் கிடைக்குது. பிறகு அறையை நல்லாத் துடைக்கவேணுமாம். அப்ப மற்ற ஆக்களுக்குப் பிறகு துடைக்கிறேல்லையா?

என்ன மருந்து எடுக்கிறீங்கள் எண்டு கேட்கலாம், அது சிகிச்சைக்குத் தேவை. ஆனால் வடிகட்டுறதுக்கு இந்தப் படிவம் உதவாது. வைரஸ் உடம்புக்குள் புகுந்து முதல் பத்து நாள் வரைக்கும் எந்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது. ஆய்வுகூடத்தில் வழமையாகச் செய்யும் சோதனை 'இல்லை' எண்டு சொன்னாலும், அதை உறுதியாக நம்ப 45 நாள் பொறுக்கவேணும். இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருப்பதும் அந்த ஆரம்ப வாரங்களில்தான். அந்த ஆள் நேர்மையாகவே 'இல்லை' எண்டு எழுதிப்போட்டுக் காலை பத்து மணிக்குக் கதிரையில் இருப்பார். ஒழுங்காக மருந்தெடுத்து, வைரஸை அளக்க முடியாத அளவுக்குக் குறைச்சு வைச்சிருக்கிறவர் பின்னேரம் வரை காத்திருப்பார்!

1990இல் புளோரிடாவில் டேவிட் ஏசர் என்ற பல் வைத்தியரின் நோயாளி கிம்பர்லி பெர்காலிஸுக்குத் தொற்றிய செய்தி வெளியானது. பின்னர் மொத்தம் ஆறு பேர். வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். எப்படித் தொற்றியது என்பது நிறுவப்படவேயில்லை. ஆனால் தொற்றை மறைக்கும் வைத்தியரைச் சிறையில் போட அமெரிக்க செனற் 1991இல் வாக்களித்தது. (அது சட்டமாகவில்லை.)

உண்மையான பாதுகாப்பு வேற இடத்திலிருந்து வந்தது. சுகாதாரத் தொழிலாளரின் சங்கங்கள் 1986இலேயே அரசிடம் மனுக் கொடுத்திருந்தன. 1991 டிசம்பரில் விதி வந்தது: எல்லாருடைய இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருது, கையுறையும் முகக்கவசமும் முதலாளி செலவில், ஹெபற்றைற்றிஸ் பி தடுப்பூசி இலவசம். ஆர் நோயாளி எண்டு தேடுற வேலையே அதில இல்லை.

அதுக்குப் பிறகும் மெய்ன் மாநிலத்தில் ஒரு பல் வைத்தியர், சிட்னி அபொட்டின் சொத்தைப் பல்லைத் தன் கிளினிக்கில் அடைக்க மறுத்தார். ஆஸ்பத்திரியில் செய்யலாம், அந்தச் செலவு உன்ர எண்டார். பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் எச்.ஐ.வி உள்ளவருக்கும் உரியது என்று சொல்லவைக்க 1998இல் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

எங்கட பிள்ளையளும் பல் கிளினிக்குகளில் உதவியாளராக நிக்கினம். ஊசி குத்தினால் 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கவேணும் எண்டு அவையளுக்கு ஆராவது சொன்னதா?

அடுத்த முறை படிவத்தை நீட்டினால் நீங்களும் கேளுங்கோ: ஒட்டோகிளேவ் சோதனைப் பதிவேடு எங்க? பல் குடையிற ஹாண்ட்பீஸ் ஒவ்வொருத்தருக்கும் பிறகு அதுக்குள்ள போகுதா? கருவி கழுவுற பிள்ளைக்கு அதுக்குப் போதிய நேரம் குடுக்கிறீங்களா?