படம் எடுத்தவர் யார்?

2021 மே 17 இரவு, லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில் கி. ராஜநாராயணன் காலமானார். உடல் இடைசெவலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, தமிழக அரசின் மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. அடுத்து வந்த நாட்களில் அஞ்சலிக் கட்டுரைகள் குவிந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் கி.ரா.வின் முகம் இருந்தது. அடியில் கட்டுரையாளர் பெயர் இருந்தது. படம் எடுத்தவரின் பெயரைத்தான் தேட வேண்டியிருந்தது. இந்தப் பிழையை நாங்களும் செய்திருக்கிறோம். ஆகவே இக்கட்டுரையின் முதல் எதிரி நாங்களே.

1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் வருகைதரு பேராசிரியராக வந்த கி.ரா., கடைசிவரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. இன்றைய வாசகர் மனதில் பதிந்திருக்கும் கி.ரா. இந்தப் புதுவைக் கால கி.ரா.தான். அம்முகத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படமாக்கியவர் புதுவை இளவேனில். தமிழ் எழுத்தாளர்கள் பலரின் முகங்கள் அவர் கேமரா வழியாகவே நமக்கு வந்து சேர்ந்தன. படங்கள் நம்மிடம் தங்கிவிட்டன; பெயர் மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது.

‘பொத்தானை அழுத்துவதில் என்ன படைப்பு?’ என்று கேட்கும் இலக்கியவாதிகளை அறிவோம். பேனாவைப் பிடிப்பதில் என்ன படைப்பு என்று யாராவது திருப்பிக் கேட்டால் இவர்கள் கொதித்தெழுவார்கள். ஒரு மனிதர் கேமராவை மறந்து தன் இயல்பில் அமரும்வரை காத்திருப்பது, எந்த வெளிச்சத்தில் அந்த முகம் பேசும் என்று அறிவது, எடுத்த நூற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை ஒதுக்குவது — இவை படைப்புச் செயல்கள் இல்லையென்றால் வேறெவை?

சட்டம் இவர்களைவிடத் தெளிவாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தைக் கலைப்படைப்பு என்றே வகுக்கிறது. தன் படைப்புக்குத் தானே கர்த்தா என்று கோரும் உரிமையை அதன் 57ஆவது பிரிவு படைப்பாளிக்கு வழங்குகிறது. முன்பு புகைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் மட்டுமே பாதுகாப்பு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. எழுத்தாளருக்குப் போலவே, வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டுகளும் இன்று புகைப்படக் கலைஞருக்கும் உண்டு. சட்டம் சமமாக்கியவரைச் சிற்றிதழ் மரபு ஏன் இன்னும் திண்ணையிலேயே உட்கார வைத்திருக்கிறது?

பிரிட்டனில் ஃபே காட்வின் என்றொரு கலைஞர் இருந்தார். எழுத்தாளர்களைப் படமெடுத்துத் தொடங்கியவர், பின்னர் நிலக்காட்சிகளுக்கு நகர்ந்தார். 1979இல் கவிஞர் டெட் ஹியூஸுடன் அவர் உருவாக்கிய நூலில் கவிதையும் படமும் சரிநிகர். 2005இல் காட்வின் மறைந்தார். அவருடைய படத் தொகுப்பை இன்று பிரிட்டிஷ் நூலகம் காக்கிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? இதே புதுவையின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பேணி வருகிறது. கல்லில் இருக்கும் தெய்வத்தின் முகத்துக்கு இங்கே காப்பகம் உண்டு. நம்மோடு வாழ்ந்து மறைந்த எழுத்தாளனின் முகம் மட்டும் யாரோ ஒருவரின் வன்தட்டில், அது பழுதாகும் நாளை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டுமா?

பெயரைப் போடுவது வெறும் உபசாரமன்று. பெயர் போனால் படம் எடுத்த நாளும் இடமும் சூழலும் சேர்ந்து போகின்றன. ஐம்பதாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பார்?

எங்கள் நிலைப்பாடு இதுதான்: எடுத்தவர் பெயரின்றி எழுத்தாளர் படம் எதையும் இனி வெளியிட மாட்டோம். பெயர் தெரியவில்லையா, தேடுவோம். கிடைக்கவில்லையா, அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். திருட்டுப் படத்தைவிட வெற்றுச் சட்டகம் நேர்மையானது.