கணினியின் பிணியும் தமிழரின் பிணியும்

கணினி ஒன்று உறைந்து நின்றுவிடுகின்றது. அடித்த எழுத்து அடித்தபடியே திரையில் நிற்கின்றது. சுட்டியை அசைத்தாலும் அம்புக்குறி அசைவதில்லை. மின்னை நிறுத்தி மீண்டும் இயக்கினால் அரைமணி நேரம் ஒழுங்காக வேலை நடக்கின்றது. பின்னர் மீண்டும் அதே உறைவு. சிற்றூர் அச்சகத்திலும் பள்ளிக் கணினி அறையிலும் அன்றாடம் காணும் காட்சி இது.

அப்பொழுது தமிழன் செய்வது என்ன? பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகின்றான். "போர்டு போய்விட்டது" என்கின்றார் கடைக்காரர். எப்படித் தெரிந்தது என்று இவனும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. போர்டை மாற்றியும் உறைவு நீங்கவில்லையெனில் 'ராம்' மாற்றப்படுகின்றது. அதற்கும் நீங்கவில்லையெனில் கணினியே மாற்றப்படுகின்றது. ஈராயிரம் உருபாவில் தீர்ந்திருக்க வேண்டிய பழுதுக்கு முப்பதாயிரம் உருபா கொட்டப்படுகின்றது. பொருளிழப்பு ஒருபுறமிருக்க, அறியாமையை அறிவென்று விலைகொடுத்து வாங்கும் இழிவு அன்றோ இதனினும் பெரிது!

பழுதறிதல் என்பது மந்திரமன்று, முறையாக எண்ணுதலே. பிணி இன்னதெனத் தெளிந்து, அது தோன்றிய முதலை ஆய்ந்து, தீர்க்கும் வழியைத் தேர்ந்து, பின்னரே மருந்தில் கைவைக்க வேண்டும் என்று திருக்குறள் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்துக் காட்டியது. மாந்த உடலுக்குச் சொன்ன அந்நெறி கணினிக்கும் எள்ளளவும் மாறாமல் பொருந்தும்.

முதற்கண் வினவ வேண்டியது, உறைவு எப்பொழுது நிகழ்கின்றது என்பதே. இயக்கியவுடனா, அரைமணி கழித்தா? கடுமையான வேலையின்போதா, வாளாவிருக்கும்போதா? அண்மையில் ஏதேனும் உறுப்போ மென்பொருளோ புதிதாகச் சேர்க்கப்பட்டதா? உறைந்த நிலையில் விசைப்பலகையின் பேரெழுத்துப் பூட்டு விசையை அழுத்திப் பார்த்தால் சிறு விளக்கு மாறுகின்றதா? மாறினால் உள்ளே உயிர் இருக்கின்றது. ஏதேனும் ஒரு மென்பொருள் மட்டும் சிக்கியிருக்கக்கூடும். மாறவில்லையெனில் பழுது ஆழமானது. 'பென்டிரைவ்' என்று கடைகளில் வழங்கும் விரலியிலிருந்து வேறோர் இயக்க மென்பொருளை ஏற்றிப் பார்த்து, அப்பொழுதும் உறைந்தால், ஐயம் வன்பொருளின்மேல் திரும்ப வேண்டும்.

ஆய்வுக்குமுன் செய்தே தீரவேண்டிய பணி ஒன்றுண்டு. வன்தட்டில் உள்ள ஆவணங்களையெல்லாம் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். தட்டே நோயுற்றிருப்பின் நெடுநேர ஆய்வே அதன் இறுதிமூச்சாகிவிடக்கூடும்.

அடுத்து வெப்பம். அரைமணி கழித்து உறையும் கணினியில் முதல் ஐயம் இதன்மேல்தான். செயலியின்மேல் உள்ள விசிறி சுழல்கின்றதா, வெப்பக் கடத்தியின் இடுக்குகளில் புழுதி அடைத்துள்ளதா, இடையே பூசிய பசை காய்ந்து வெடித்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். பல செயலிகள் 100 பாகை செல்சியசை நெருங்கும்போது தம் விரைவைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்குமேலும் சூடேறினால் நின்றுவிடும். புழுதி மண்டிய ஊரில் ஒரு தூரிகைக்குத் தீரும் பிணி இது.

வெப்பம் குற்றமற்றதெனில் நினைவகம். 1994 முதல் வழங்கிவரும் மெம்டெசுட்டு86 போன்ற ஆய்வு மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. இரவு முழுதும் ஓடவிட்டு ஒரே ஒரு பிழை காட்டினும் அதை விட்டுவிடலாகாது. இரண்டு நினைவகத் துண்டுகள் இருப்பின் ஒன்றைக் கழற்றி மற்றதை மட்டும் வைத்து இயக்குக. பின்னர் மாற்றி வைத்து இயக்குக. குற்றவாளி தானே வெளிப்படும். சிலபோது துண்டு பழுதுபட்டிராது. அதன் பொற்பூச்சு முனைகளில் அழுக்குப் படிந்திருக்கும். அழிப்பானால் மெல்லத் தேய்த்துப் பொருத்தினாலே போதும்.

அதன்பின் மின்வழங்கி. 1995-இல் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்சு முறைப்படி, 12 வோல்ட்டு தரவேண்டிய கம்பி 11.4-க்குக் கீழோ 12.6-க்கு மேலோ போகலாகாது. வாளாவிருக்கும்போது சரியாக இருந்து, வேலைச்சுமை ஏறியவுடன் சரியும் மின்வழங்கியே உறைவுக்குக் கரணியமாதல் உண்டு. தாய்ப்பலகையில் நிற்கும் சிறு உருளைகளின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருப்பின், அவை கெட்டுவிட்டன என்பது கண்ணுக்கே தெரியும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் எண்ணற்ற தாய்ப்பலகைகள் இவ்வாறு உப்பி மடிந்தன.

இவை அனைத்துக்கும் அடிப்படை நெறி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றியவன் பழுது நீங்கினாலும் அதன் முதலை அறியான்.

இவ்வளவும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றதே, தமிழில் எதற்கு என்பார் உளர். அவர்க்கு விடை பணிமனையிலேயே கிடைக்கும். 'கெப்பாசிட்டர்' என்று மட்டும் அறிந்த இளைஞனுக்கு அது ஓர் உருளையின் பெயர், அவ்வளவே. 'மின்தேக்கி' என்று அறிந்தவனோ, ஏரி நீரைத் தேக்குவதுபோல் அது மின்னைத் தேக்கும் என்பதைச் சொல்லிலேயே உணர்கின்றான். செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்வழங்கியின் உள்ளே மின் தேங்கி நிற்கும், ஆதலின் அதன் மூடியைத் திறக்கலாகாது என்று அவனுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை, சொல்லே சொல்லிவிடுகின்றது. தாய்மொழிச் சொல் அறிவைத் தருவதோடு உயிரையும் காக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 'ராம்' என்பது ஒலி; 'நினைவகம்' என்பது விளக்கம்.

தமிழில் இது இயலாது என்பார்க்கு யாழ்ப்பாணம் விடைகூறும். 1847-இல் அங்குச் சென்ற சாமுவேல் பிசுக்கு கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழ் கற்றார். மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம் பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் ஆண்ட சொற்களில் வடசொற்கள் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் நோய் நாடும் கலையைத் தமிழிற் கற்று மருத்துவரானோர் அவர் மாணாக்கர். மாந்த உடலின் பழுதைத் தமிழில் ஆய்வது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இயன்றது. பெட்டியின் பழுதை ஆய்வது இன்று இயலாதோ?

குறை தமிழிடத்தில் இல்லை. தமிழ்த் தொண்டரிடத்திலும் உள்ளது. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் முயற்சி இன்று நூறாண்டு கடந்துவிட்டது. கணினி, செயலி, நினைவகம், விசைப்பலகை எனச் சொற்கள் குவிந்துள்ளன. ஆனால் அச்சொற்களை ஏந்திப் பணிமனைக்குச் செல்லும் கையடக்கச் சுவடிகள் எத்தனை? சொல்லை ஆக்கிப் பட்டியலில் அடைத்து வைப்பது நெல்லை விளைத்துக் குதிரிலேயே மக்கவிடுவது போன்றது. திருகாணியைக் கையில் வைத்திருக்கும் இளைஞன் வாயில் வழங்காத சொல், எத்துணைத் தூயதாயினும் உயிரற்ற சொல்லே. அவனை "ஆங்கிலம் கலக்கின்றாய்" என்று கடிந்துகொள்ளுமுன், அவன் கைக்குத் தமிழில் என்ன கொடுக்கப்பட்டது என்று தமிழ் மன்றங்கள் தம்மையே வினவுதல் வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிதன்று. ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றம் ஒவ்வொன்றும், பழுது நீக்குவோர் ஒருவரையும் தமிழாசிரியர் ஒருவரையும் ஒரே மேசையில் அமர்த்துக. அவர் கைத்தொழிலைச் சொல்ல, இவர் எளிய தமிழில் எழுதுக. பதினாறு பக்கம் போதும். எழுதியதைப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் கொடுத்து, உறைந்து நிற்கும் கணினி ஒன்றின்முன் அவனை அமர்த்துக. அவன் பழுதைக் கண்டுபிடித்தால் சுவடி வென்றது. தடுமாறினால் மாணவனைத் திருத்தாமல் சுவடியைத் திருத்துக.

உறைந்த கணினியை உயிர்ப்பிக்கும் அறிவு தமிழில் நடமாடும் நாளில், உறைந்து கிடக்கும் தமிழர் எண்ணமும் உயிர்த்தெழும். மேடையில் வாழ்ந்தது போதும். தமிழ் இனிப் பணிமனையில் வாழ்க!